திங்கட்கிழமை மூச்சு

மில் சங்கு ஊதியபோது நான் மில்லைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். முதல் ஷிப்டு விடுகிற சங்கு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், இடது கைப்பக்கம் மலை கூடவே வர, தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு போர்வை. வெயில் சாயவில்லை. பஸ்ஸில் போயிருக்கலாம். அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாதவனுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதில் லாபமில்லை.

அன்று காலையிலும் கேட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை. நான் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் நிற்பவன். பதிலியை யாரும் வேலையை விட்டு நிறுத்துவது கிடையாது. காலையில் கேட்டுக்கு வெளியே நிற்கிற கூட்டத்தில் அவன் பேரைக் கூப்பிடாமல் விடுவார்கள். சில நாள் நின்று பார்த்துவிட்டு அவனே போய்விடுவான். எனக்குக் காரணம் தெரிந்திருந்ததால் அதிக நாள் நிற்கவில்லை. நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் பள்ளியில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. வாத்தியார் பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வோம். 'மரங்களின் பயன்' கட்டுரை எனக்கு இப்போதும் வரும். மரம் நிழல் தரும், கனி தரும், மழை தரும். பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற வேம்பு அதில் கிடையாது. எந்த மரமும் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு லாரியில் கிளீனராகப் போனேன், பரோட்டா கடையில் மாவு பிசைந்தேன், செட்டியார்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் எடுபிடியாக இருந்தேன். எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் இந்த மில்லுக்கு வந்தேன். புளோ ரூமில் போட்டார்கள்.

பஞ்சுப் பொதியைப் பிரித்து, உதிர்த்து, அடித்துச் சுத்தம் பண்ணுகிற இடம் புளோ ரூம். நூலாகிற வரைக்கும் பஞ்சு எத்தனையோ இடங்களுக்குப் போகும். அதன் அழுக்கெல்லாம் இறங்குவது இங்கேதான். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் புருவம், மூக்கு மயிர், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். நுழைகிற இடத்தில் மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார். வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டையில் ஒட்டுகிற தூசியை வெல்லம் உள்ளே இறக்கிவிடும் என்பது நம்பிக்கை. புளோ ரூமைத் தவிர வேறு எந்த டிபார்ட்மெண்டுக்கும் வெல்லம் கிடையாது.

என்னோடு பொதி பிரிக்கிறவர் மம்சாபுரத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், நிரந்தரத் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே இடத்தில்தான் நிற்கிறார். அவருக்கு இருமல். சாதாரண இருமல் இல்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவார். வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டார். மில் டிஸ்பென்சரியில் "பீடியை விடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பீடி குடிப்பார் என்பது உண்மை. வேலையை விட்டால் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். விடாமல் இருந்தால் மூச்சு போய்விடும். அவர் நிலைமை அதுதான்.

அந்த வருஷம் மில் ஆண்டு விழாவுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'ஆலையும் ஆரோக்கியமும்'. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை முதலாளி முன்னால் மைக்கில் வாசிக்க வேண்டும். லேபர் ஆபீசர் நோட்டீஸ் ஒட்டிய அன்றே மம்சாபுரத்துக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நீ பேப்பர் படிக்கிறவன்தானே. நேரே போய்ச் சொன்னா அவிய கேக்க மாட்டாவ. மைக்குல சொன்னா கேட்டுத்தானே ஆகணும். எழுது."

"என்னண்ணே எழுத?"

"புளோ ரூம் நெஞ்சைத் தின்னுதுன்னு எழுது. ரொம்ப நாளு நின்னவன வெளிய மாத்தணும்னு எழுது. அம்புட்டுதான்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுதியதை எடுத்துக்கொண்டு, அவரைக் கேரியரில் உட்காரவைத்து, அவருடைய சைக்கிளிலேயே மம்சாபுரம் போனேன். அவர் மனைவி அடுப்படியில் இருந்தபடியே கேட்டார்கள். நான் வாசித்தேன். காற்று இறைவன் தந்த கொடை. தூய காற்றைச் சுவாசிப்பவனே நீண்ட நாள் வாழ்வான். தூசி நிறைந்த காற்றோ மனித குலத்தைப் பெரிதும் வாட்டுகிறது. ஆகவே நாம் அனைவரும். முடிவுரை வரைக்கும் வாசித்தேன்.

"தம்பி, இதுல இவரு எங்க இருக்காரு?" என்றார்கள்.

"பொதுவா எழுதியிருக்கேன் மதினி."

"இவரு பொதுவாவா இருமுறாரு? இதைப் பஸ்ஸு முதுகுல பெயிண்ட் அடிச்சு விடலாம். ஒரு பயலும் சண்டைக்கு வரமாட்டான். மில்லுக்காரன் படிச்சாலும் நல்லாருக்கும்பான்."

மம்சாபுரத்துக்காரர் எனக்குப் பரிந்து பேசினார். "எழுத்து நல்லாத்தான இருக்கு, ஏட்டி."

"எழுத்துக்கென்ன. உம்ம நெஞ்சுதான் நல்லால்ல. திங்கட்கிழமைய எழுதினானா அவன்?"

அப்போதுதான் திங்கட்கிழமை விஷயம் பேச்சுக்கு வந்தது. ஞாயிறு வார லீவு. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மத்தியானத்துக்குள் நெஞ்சு இறுகிவிடும். மூச்சு பாதியில் நின்றுவிடும். செவ்வாய், புதன் என்று போகப்போகக் கொஞ்சம் தளரும். புளோ ரூமில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கே லேசாக வந்திருக்கிறது. அதற்கு எங்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது. லீவுதான் காரணம். பஞ்சுக்குப் பழகின நெஞ்சு ஒரு நாள் பஞ்சு இல்லாமல் இருந்தால் அடுத்த நாள் கோபித்துக்கொள்ளும். கள்ளு குடிக்கிறவனுக்குக் கள்ளு கிடைக்காத நாளில் கை நடுங்குவது மாதிரி. ஆகவே விடாமல் வேலைக்கு வருகிறவனுக்கு ஒன்றும் செய்யாது. இப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

மம்சாபுரத்துக்காரர் சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினை நிறுத்திச் சுத்தம் பண்ணுவார்கள். கூரையிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற தூசியை அடித்து இறக்குகிற வேலை. வாரத்திலேயே அதிகமாகத் தூசி பறப்பது அன்றுதான். அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தார். மாதக்கணக்கில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. தேவாலயத்துக்குப் போவது நின்றது. போதகர் வீடு தேடி வந்து விசாரித்தபோது, "லீவு எடுத்தா மூச்சு அடைக்கும் ஐயா" என்று பதில் சொன்னாராம்.

"கோயில விட்டாரு. திங்கட்கிழமை தேவல ஆச்சுன்னு சொன்னாரு. ஆமா, தேவல ஆச்சு. முந்தி திங்கட்கிழமைக்கு வந்தது இப்பம் எல்லாக் கிழமையும் வருது" என்றார்கள் மதினி.

"அதுக்குப் பீடிதான் காரணம்" என்றார் அவர்.

"கரண்டு கட்டுல மில்லு மூடிக் கெடந்துச்சே, அப்பம் வன்னியம்பட்டியில எங்க அண்ணன் கெணத்துல தூர் வாருனீரே. பீடியைக் கட்டுக் கட்டாத்தானே ஊதுனீரு. படுத்துத் தூங்கலையாக்கும்? கொறட்டை தெருவுக்கே கேட்டுச்சு. மில்லு தொறந்த மொத நாளு மத்தியானமே திரும்ப அடைச்சுச்சு."

நான் பழைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை முன்னுரை இல்லை. ஒருவனைப் பற்றி எழுதினேன், பேர் போடவில்லை. அவன் சுவரில் சாய்ந்து தூங்குவதை எழுதினேன். திங்கட்கிழமைகளை எழுதினேன். மில்லில் வேறு யாருக்கும் தராத வெல்லத்தை எங்களுக்கு மட்டும் தருகிறார்கள், அங்கே தூசி அதிகம் என்று நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே போதும் என்று எழுதினேன். வன்னியம்பட்டி கிணற்றை எழுதவில்லை. தலைப்பில் ஆலை என்று இருந்தது. மில் மூடிக் கிடந்தபோது நடந்தது அதில் சேராது என்று நினைத்துவிட்டேன்.

விழா கேண்டீன் கொட்டகையில் நடந்தது. முன் வரிசையில் முதலாளியும் ஆபீஸ்காரர்களும். ஒரு பக்கம் தொழிலாளிகள், இன்னொரு பக்கம் குடும்பத்துப் பெண்கள். எனக்கு முன்னால் வாசித்த ஆபீஸ் கிளார்க், ஆலை ஒரு குடும்பம், முதலாளி அதன் தந்தை என்று வாசித்தார். நல்ல கைதட்டு. அடுத்து நான் போனேன்.

வெல்லத்தை வாசித்ததும் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. லேபர் ஆபீசர் எழுந்து பக்கத்திலிருந்த இன்னொரு மைக்கைப் பிடித்தார். நல்ல மனுஷர்தான், தமாஷாகப் பேசுவார்.

"பிரியத்துல இனிப்பு குடுத்தா அதுவும் குத்தமா தம்பி?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நான் திங்கட்கிழமையை வாசித்தேன். அவர் விடவில்லை.

"லீவு எடுத்தா நெஞ்சு அடைக்குதுன்னு நீயே எழுதியிருக்க. அப்பம் லீவுதான் வியாதி. நாளையிலருந்து லீவை நிறுத்திரலாமா?"

இந்தத் தடவை அதிகமாகச் சிரித்தவர்கள் என்னோடு பொதி பிரிக்கிறவர்கள். அவர்கள் நம்பியதைத்தான் அவர் சொன்னார். நான் கொண்டுபோன சாட்சி என் கண் முன்னாலேயே அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அது எதற்குச் சாட்சி என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன், அவர் சொல்லிவிட்டார்.

தாளில் அதற்கு மேல் உதவக்கூடியது எதுவும் இல்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். மதினி தலையை ஆட்டவில்லை, கையையும் காட்டவில்லை. வாசித்தது போதும் என்பது மாதிரி என் கையிலிருந்த தாளையே பார்த்தார்கள். நான் தாளை மடித்தேன்.

"கரண்டு கட்டுல மில்லு மூடிக் கெடந்துச்சு சார். அப்பம் எல்லாருக்கும் லீவுதான். லீவு வியாதின்னா அந்த ஆளு அப்பவே செத்திருக்கணும். கிணத்துல எறங்கித் தூர் வாரினாரு. ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்கினாரு. மில்லு தொறந்த மொத நாளு மத்தியானம் மூச்சு நின்னுச்சு. லீவு போன பொறவு வரல சார், பஞ்சு வந்த பொறவுதான் வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. புளோ ரூம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கரண்டு கட்டில் எங்கே இருந்தோம், எப்படித் தூங்கினோம் என்று யோசிப்பது தெரிந்தது. முதலாளி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"யாரு அந்த ஆளு?"

நான் சொல்லவில்லை. லேபர் ஆபீசர் மேஸ்திரியைப் பார்த்தார். மம்சாபுரத்துக்காரர் தானாகவே எழுந்தார். எழுந்ததும் இருமினார். இருமி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நாந்தான் மொதலாளி."

"பீடி குடிப்பியா?"

"குடிப்பேன் மொதலாளி."

"பொறவு?"

"கெணத்து வேலை செய்யும்போ இன்னும் சாஸ்தி குடிச்சேன் மொதலாளி. சும்மாதானே இருந்தேன், பொழுது போவணும்லா."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விழாவின் மற்ற காரியங்கள் நடந்தன. முதல் பரிசு கிளார்க்குக்கு. எவர்சில்வர் குடம்.

அடுத்த வாரம் மம்சாபுரத்துக்காரரை வெளி வேலைக்கு மாற்றினார்கள். மில்லைச் சுற்றி நிற்கிற தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வளாகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் கை வைக்கவில்லை. அவருடைய சொந்த வேண்டுகோளின் பேரில் மாற்றப்பட்டதாக ஆர்டரில் போட்டிருந்தார்களாம். அதே வாரம் புளோ ரூமில் வெல்லம் நின்றது. தூசி இல்லாத இடத்துக்கு வெல்லம் எதற்கு என்று மேஸ்திரி, தன் வீட்டில் பேசுகிற தெலுங்கிலும் எங்களுக்குத் தமிழிலுமாகச் சொல்லிவிட்டுப் போனார். நின்றவர்கள் என்னைத்தான் பிடித்தார்கள்.

"கட்டுரை எழுதுனான்லா, எல்லா வெல்லத்தையும் ஒருத்தனே தின்னுட்டான்."

"ஏலே, அடுத்து என்னத்த எழுதப்போற? கேண்டீன் டீயப் பத்தி எழுதிராத, புண்ணியமாப் போவும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார்கள், ஆனால் வெல்லம் இல்லாமல் தொண்டை எரிந்தது உண்மை. அதன் பிறகுதான் கேட்டில் என் பேர் வராமல் போனது.

சாலையில் இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன் என்று சொன்னால் பொய். ஒன்றைத்தான் யோசித்தேன். அன்று திங்கட்கிழமை. வெளி வேலைக்குப் போன பிறகு மம்சாபுரத்துக்காரர் எடுத்த முதல் ஞாயிறு லீவு முந்தின நாள்தான். மதினி பிடிவாதமாகத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். எங்கள் பழைய கணக்குப்படி பார்த்தால் இன்று மத்தியானம் அவர் நெஞ்சு அடைக்க வேண்டும். லீவு எடுத்தவன் லீவு எடுத்தவன்தானே. அடைத்துவிட்டால் லேபர் ஆபீசர் சொன்னது சரி, நான் மைக்கில் சொன்னது வெறும் வாய். அவரும் தன்னாலேயே புளோ ரூமுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் திரும்பிப் போய்விடுவார். அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. கூடவே குரல்.

"ஏலே, நில்லுலே! சொல்லாமக் கொள்ளாமப் போறியே, உனக்கு யாரு நெல்லு அவிச்சு வச்சிருக்கா அங்க?"

அவர்தான். மூச்சு வாங்காமல், மிதித்துக்கொண்டே பேசினார். அது எனக்கு உடனே உறைக்கவில்லை. சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"கேட்டுல கூப்பிடல அண்ணே. பொறவு நின்னு என்ன செய்ய?"

"கூப்பிட மாட்டான். நானும் மேஸ்திரிகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். அவன் வானத்தப் பாக்கான்." சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் துடைத்தார். "என்னாலதான் உனக்கு..."

"விடுங்கண்ணே. வருஷம் முடியப்போகுது. நானே கிளம்புற நேரந்தான்." அதுவும் உண்மைதான். "நெஞ்சு எப்படி இருக்கு?"

நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார், பையில் எதையோ தேடுகிறவர் மாதிரி.

"இருமலு இருக்கு. அது போவாது போல. அடைப்பு இல்லலே. மத்தியானம் சோத்துக்கு உக்காந்தவன் அதையே எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல. சங்கு ஊதுற வரைக்கும் பாத்தேன்."

"நேத்து லீவு எடுத்தீங்கள்ல?"

"எடுத்தேன்லே. கோயிலுக்குப் போயி, கறி தின்னு, படுத்து ஒறங்கினேன்." குரல் இறங்கியது. "அப்பம் இம்புட்டு நாளும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயி அந்தத் தூசியக் கேட்டு வாங்கித் தின்னுருக்கேன்."

ஒரு திங்கட்கிழமையை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமையை அவரே பார்த்துக்கொள்வார், மதினி விடமாட்டார்கள்.

"ஏறு" என்றார்.

"வேண்டாம் அண்ணே, எடை."

"ஏறுலே. மதினி கேட்டா நான் என்ன சொல்ல?"

கேரியரில் உட்கார்ந்தேன். மம்சாபுரத்துக்குச் சாலை பிரிகிற விலக்கு வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. எந்தத் தென்னை காய்க்கிறது, எது காய்க்கவில்லை, தோட்டத்துக் குழாயை எந்தப் பயல் உடைத்தான், எல்லாம் சொன்னார். மேட்டில் பெடலை அழுத்தும்போதும் பேசினார். விலக்கில் இறங்கியதும் வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தால் இரண்டு நாள் இருந்துவிடுவேன், அப்புறம் கிளம்ப மனம் வராது என்றேன். நான் பையை எடுத்துக்கொள்ளும் வரை நின்றார். பிறகு மலையைப் பார்த்துத் திரும்புகிற சாலையில் போனார். கொஞ்ச தூரம் போனதும் இருமல் கேட்டது. சைக்கிள் நிற்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் தேரடிப் பக்கம் ஒரு பால்கோவா கடையில் ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். கடைக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டடி. இரண்டு அடுப்பு, புளிய விறகு, ஒவ்வொன்றிலும் அகலமான இரும்புச் சட்டி நிறையப் பால். கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"முந்தி எங்க?"

"மில்லுல. புளோ ரூம்."

"இங்க பஞ்சு கெடையாது. பாலு அடி பிடிக்காமக் கிண்டணும். கையை எடுத்தா தீஞ்சிரும். ஏலுமா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"புகை எங்கிட்டுப் போகும் அண்ணாச்சி?"

"ஓட்டு இடுக்கு வழியாப் போகும். போவலன்னா நாம வெளிய போயி நின்னுட்டு வருவோம். என்ன, புதுசா வந்தவன் புகையக் கேக்க?"

"சும்மா கேட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அவர் நீளக் கரண்டியை என்னிடம் தந்துவிட்டு விறகைத் தள்ள உட்கார்ந்தார். பால் அப்போதுதான் பொங்கத் தொடங்கியிருந்தது. கிண்ட ஆரம்பித்தேன்.